ட்ரான்ஸ்ஃபர் பெட்டி: மாற்றுவதா, திருத்துவதா?

பசறைப் பக்கம் தோட்டக் கடைகளுக்குச் சாமான் ஏற்றும் ஒரு சகோதரர், சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது என்னைப் பிடித்துக்கொண்டார். "நானா, லேண்ட் ரோவரின் ட்ரான்ஸ்ஃபர் போய்விட்டதாம். கொழும்பிலிருந்து வேறு பெட்டி எடுத்துப் போடச் சொல்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் கேட்ட விலையைக் கொடுத்தால் என்னுடைய இரண்டு மாத இலாபம் போய்விடும். என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"பெட்டியைத் திறந்து பார்த்தார்களா?" என்று கேட்டேன். திறக்கவில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்.

வியாபாரப் பக்கத்தில் கராஜ் விஷயம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பதுளை, பசறை, லுணுகலை, மடூல்சீமைப் பக்கம் வியாபாரம் செய்பவருக்கு இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. எங்களில் பலருடைய முதலில் பெரும்பகுதி கடையின் தட்டில் இல்லை, வாசலில் நிற்கும் வண்டியில்தான் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய ஜீப்புகளின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். திறந்த பின்னரும் வரிச் சுமையோடு வரும் வண்டியை வாங்கித் தோட்டப் பாதையில் மா மூட்டை ஏற்ற யாருக்கு மனம் வரும்? ஆகவே இருப்பதைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். சாவியைக் கையில் எடுத்து நாமே கழற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. கழற்றுகிறவரிடம் என்ன கேட்பது, எதைப் பார்ப்பது என்றாவது தெரிந்திருக்கட்டும்.

முதலில் இந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண வேனிலோ லொறியிலோ கியர் பொக்ஸிலிருந்து ஒரு தண்டு பின் சக்கரத்துக்குப் போகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கியர் பொக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி பூட்டப்பட்டிருக்கும். என்ஜினின் பலத்தை வாங்கி முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதோடு இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. ஹை, லோ என்று இரண்டு நிலை வைத்திருக்கும். லேண்ட் ரோவர் சீரிஸ் 3இல் ஹை விகிதம் 1.148, லோ 2.35. அதாவது லோவில் போட்டால் வேகம் ஏறத்தாழப் பாதியாகி, இழுவை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மழையில் நனைந்த தோட்டப் பாதையில் பத்து மூட்டையோடு ஏறும் வண்டியைக் காப்பது அந்த இரண்டு மடங்குதான். இறங்கும்போதும் அப்படியே. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

சீரிஸ் லேண்ட் ரோவரில் இதற்கென்று இரண்டு கைப்பிடிகள். மஞ்சள் குமிழை அழுத்தினால் ஹையில் நான்கு சக்கரமும் இழுக்கும். சிவப்புக் குமிழை முன்னால் தள்ளினால் ஹை, பின்னால் இழுத்தால் லோ, நடுவில் நின்றால் நியூட்ரல். லோவில் விழுந்தவுடன் முன் சக்கரங்கள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். இந்த நடு நிலையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு ஒரு கதை இருக்கிறது.

இந்த வண்டி 1948 ஏப்ரல் 30இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டது. யுத்த காலத்து அமெரிக்க ஜீப்பைப் பார்த்து ரோவர் கம்பனி செய்தது. யுத்தத்துக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக் கட்டுப்பாடு இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால்தான் எங்கள் மழைநாட்டில் இன்னும் கூடு உக்காமல் நிற்கிறது, சட்டம் மட்டும் உக்குகிறது. துரைமாரின் வண்டியாகத் தோட்டங்களுக்கு வந்து, 1972, 1975 காணிச் சட்டங்களுக்குப் பின் அரசாங்கத் தோட்டங்களில் ஓடி, 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போன பிறகு ஏலத்தில் விழுந்து, கடைசியில் எங்களைப் போன்றவர்களின் கையில் மூட்டை சுமந்தவை நான் பார்த்தவரையில் பல. ஐம்பது வருடம் ஓடிய வண்டி என்பது இந்த இனத்தில் பெரிய அதிசயம் இல்லை. டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சனிலிருந்து 3636 மீற்றர் உயரமான சந்தக்ஃபூவுக்கு ஏறும் பாதையில் 1950களின் லேண்ட் ரோவர்களைப் பல தசாப்தங்களாக வாடகைக்கு ஓட்டி ஒரு ஊரே பிழைத்திருக்கிறது. அங்கேயும் புதுப் பெட்டி யாரும் அனுப்பி வைக்கவில்லை. பழையதைத் திறந்து கழுவிப் பூட்டித்தான் ஓட்டினார்கள்.

மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். அதுவும் பழைய வில்லீஸ் ஜீப்பின் வழியில் வந்தது, உள்ளே பல்லோடு பல் பூட்டும் கியர்கள்தான். அளவுகள் மட்டும் வேறு. பிந்திய காலத்து வண்டிகள் சிலவற்றில் உள்ளே சங்கிலி இருக்கும், ஒயிலும் வேறு. அவற்றைத் தெரிந்தவரிடமே கொடுங்கள்.

இனி அந்தக் கதை. பல வருடங்களுக்கு முன் என் வண்டியின் ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்பக்க ஒயில் சீல் கசிந்தது. காட்டிய இடத்தில், "லேண்ட் ரோவர் என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும் முதலாளி, ஒழுகாவிட்டால்தான் உள்ளே ஒயில் இல்லை" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சீல் ஒன்றின் விலை அன்று ஒரு பகல் சாப்பாட்டுச் செலவு. ஆனால் அதை மாற்ற ஒரு நாள் வண்டி நிற்க வேண்டும். சீசன் காலம், நாளை நாளை என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன்.

எனக்கு அன்று தெரியாதது இதுதான். இந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. ட்ரான்ஸ்ஃபர் பெட்டியின் பின்னால், அந்த ஒயில் சீலுக்கு நேரே வெளியே ஒரு டிரம்மில் இருக்கிறது. சீல் கசிந்தால் ஒயில் போய்ச் சேரும் இடம் ஹேண்ட் பிரேக் லைனிங். நாள் போகப் போக லைனிங் ஒயில் குடித்துக்கொண்டே இருக்கும். கைப்பிடி இறுக்கமாகத்தான் இருக்கும், பிடிப்பு மட்டும் இருக்காது.

மடூல்சீமைப் பாதையில் ஒரு லயத்துக்கு மேலே, கடை வாசல் சரிவில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். கியரில் போட்டார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். லோவிலிருந்து ஹைக்கு மாற்றும்போது சிவப்புக் கைப்பிடி நடுவில் நின்றுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. ட்ரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருந்தால் கியர் பொக்ஸில் எந்தக் கியர் போட்டிருந்தாலும் சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பில்லை. வண்டியைப் பிடித்து நிறுத்த இருந்தது ஒயிலில் ஊறிய அந்த டிரம் மட்டும்தான். மெதுவாக உருளத் தொடங்கியது, பிறகு வேகம் பிடித்தது. லயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கையில் தேயிலை மேட்டில் மோதி நின்றது. அந்த இடத்தில் சற்று முன்னர்வரை பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பவுசர் வந்து அவர்கள் வாளியோடு அந்தப் பக்கம் ஓடியிருந்தார்கள். அல்லாஹ் காப்பாற்றினான். டிரைவரை நான் ஏசவில்லை. ஏசுவதென்றால் முதலில் என்னை ஏச வேண்டும். அன்றிலிருந்து எங்கள் வண்டியில் இரண்டு மரக்கட்டை இல்லாமல் யாரும் மலைப் பக்கம் போவதில்லை. டிரம்மைத் திறந்தால் லைனிங்கைக் கழுவித் திரும்பப் போடுவதும் இல்லை. ஒயில் குடித்த லைனிங் கழுவினாலும் திருந்தாது, புதிது போட வேண்டும்.

சரி, பசறைச் சகோதரரின் சத்தத்துக்கு வருவோம். சத்தம் ட்ரான்ஸ்ஃபரில்தானா என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சிவப்புக் கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்து, கியர் பொக்ஸை மூன்றாவதில் போட்டுக் கிளச்சை விட்டு, மெதுவாக என்ஜினைக் கூட்டுங்கள். இப்போது ட்ரான்ஸ்ஃபருக்குள் நடு கியர் சுழலும், வெளியே போகும் தண்டு சுழலாது. ஓடும்போது கேட்ட அதே சத்தம் இப்போதும் கேட்டால் நடு கியரின் பெயரிங், வொஷர், அல்லது கியர் பொக்ஸ் பக்கம். சத்தம் இல்லாவிட்டால் வெளித்தண்டின் பெயரிங், அதையும் தாண்டி ப்ரொப்பெல்லர் தண்டின் குறுக்கு மூட்டு, டிஃபரன்ஷியல். குறுக்கு மூட்டு ஒன்று தேய்ந்ததற்கு முழுப் பெட்டியும் மாற்றிய கதையை நான் கேட்டிருக்கிறேன்.

அடுத்தது ஒயிலைப் பார்ப்பது. ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கி, சுத்தமான பேசினில் வடியுங்கள். கராஜில் ஏற்கெனவே அழுக்கு ஒயில் இருக்கும் தகரத்தில் வடிக்க விடாதீர்கள். வடித்ததை வெயிலில் சாய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பளபளப்பு மட்டும் என்றால் அது வயதான தேய்மானம், பயப்படத் தேவையில்லை. மீன் செதிள் மாதிரித் தகடுகள் வந்தால் பெயரிங்கின் மேல்தோல் உரிகிறது. மஞ்சள் மினுக்கம் புஷ்ஷும் வொஷரும். விரல் நுனியில் நெருடும் துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது, அதற்கு மேல் ஒரு மைலும் ஓட்டாதீர்கள். பால் தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது எங்கள் மாவட்டத்தில் பாதைகள் உடைந்து, தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கி உதவிச் சாமான் கொண்டுபோன வண்டிகள் பல. நல்ல காரியம்தான். ஆனால் அப்படிப் போன வண்டியின் ஒயிலைப் பார்க்காமல் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே வைத்துவிட்டுப் போய்ப் பாருங்கள். சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கும், தேய்ந்த சீல் வழியாகவும் மூச்சுத்துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும்.

அந்த மூச்சுத்துளை பெட்டியின் மேல் இருக்கும் சிறிய பொருள். சேற்றால் அடைபட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி நல்ல சீலிலும் ஒயில் வெளியே தள்ளப்படும். சீலை மூன்று முறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை என்று முறைப்படுபவர்கள் முதலில் இந்தத் துளையைக் கம்பியால் குத்திப் பார்க்கட்டும்.

இன்னொரு மயக்கம். ட்ரான்ஸ்ஃபரில் ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகும். பரகத் என்று சந்தோஷப்படக்கூடாது. கியர் பொக்ஸுக்கும் ட்ரான்ஸ்ஃபருக்கும் நடுவிலுள்ள சீல் தேய்ந்து, கியர் பொக்ஸின் ஒயில் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. அங்கே கியர் பொக்ஸ் வறண்டு போகும். இரண்டுக்கும் தனித்தனி மட்டத் திருகு உண்டு. ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்க்க வேண்டும்.

திறக்கத் தீர்மானித்தால், கழுவும் வேலை திறக்கும் முன்பே தொடங்குகிறது. எங்கள் மண் களிமண், ஒயிலோடு சேர்ந்து வருடக்கணக்கில் பெட்டியைச் சுற்றி ஓடு மாதிரிப் பிடித்திருக்கும். அதைச் சுரண்டி, டீசல் தடவிப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகே முதல் நட்டில் சாவி போட வேண்டும். வெளி மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் புதுப் பெயரிங்குக்கு அது அரத்தூள். நல்ல செய்தி என்னவென்றால் சீரிஸ் வண்டியில் நடு கியரைப் பார்க்கப் பெட்டியையே இறக்கத் தேவையில்லை. கீழ் மூடியைக் கழற்றினால் பல் வரிசை முழுதும் கண்ணுக்குத் தெரியும். நடுத் தண்டைப் பின்னால் இழுத்தெடுத்து கியரைக் கீழ் வழியாகவே வாங்கிவிடலாம். முழுதாக இறக்க வேண்டி வந்தால் ஆசனப் பெட்டியும் தரைத் தகடுகளும் கழற வேண்டும். துருப்பிடித்த ஆணிகளோடு அது ஒரு நாள் வேலை, அதைக் கூலியில் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

உள்ளே உள்ளதைக் கழுவ மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். பெற்றோலில் கழுவுவதைக் கண்டால் தடுத்து விடுங்கள், மூடிய கராஜில் ஒரு தீப்பொறி போதும். அதைவிட நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு கோஸ்டிக் சோடா. இரும்பு என்ஜின் பாகங்களைக் கழுவும் தொட்டி சில இடங்களில் இருக்கும், அதில் இந்தப் பெட்டியையும் போட்டு விடுவார்கள். இது அலுமினியம். கோஸ்டிக் அலுமினியத்தைத் தின்னும். வெள்ளையாக நுரைத்து வெளியே வரும்போது சுத்தமாகத்தான் தெரியும், சீல் உட்காரும் இடமும் பெயரிங் உட்காரும் இடமும் அளவு கெட்டிருக்கும். கெஸ்கட்டைக் கிளற உளி பாவிப்பதும் அப்படியே. ஒரு கீறல் விழுந்தால் எத்தனை சிலிக்கன் பூசினாலும் அந்த வழியில் ஒயில் வரும். மரத்துண்டோ மழுங்கிய தகடோ போதும்.

பெயரிங்கைக் கழுவிய பின் காற்றுக் குழாயால் ஊதிச் சுழற்றி, விசில் சத்தம் கேட்டுச் சந்தோஷப்படும் பழக்கம் இளம் மெக்கானிக்மாரிடம் உண்டு. ஒயில் இல்லாமல் அந்த வேகத்தில் சுழன்றால் நல்ல பெயரிங்கும் கெடும், சிதறினால் கண்ணும் போகும். மெதுவாகக் கையால் சுழற்றி, நெருடுகிறதா என்று விரலால் கேட்க வேண்டும். துடைக்க நூல் உதிராத துணி வேண்டும். பலமுறை துவைத்த பழைய சாரம் இதற்கு நன்று.

பெட்டியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஹாலி-எலப் பக்கத்து வயதான பாஸ் ஒருவர் எனக்குக் காட்டித் தந்த வழி: சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சோக்குத்தூள் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் மெல்ல ஊறி, வெள்ளையில் ஒரு கறுத்த கோடு விழும். வெடிப்புள்ள பெட்டிக்கு அதற்குமேல் செலவு செய்வதா என்று அந்த இடத்திலேயே தீர்மானிக்கலாம்.

பூட்டும்போது இரண்டு அளவுகளை மெக்கானிக்கிடம் கேளுங்கள். நடு கியருக்கு இரு பக்கமும் வொஷர் போட்டபின் மிஞ்சும் ஆட்டம் 4 முதல் 8 தௌ வரை, அதாவது 0.10 முதல் 0.20 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாமல் "கைக்கணக்கு" என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். இரண்டாவது, வெளித்தண்டின் கூம்பு உருளைப் பெயரிங்குகள். அவற்றை ஷிம் வைத்து மிக இலேசான இறுக்கத்தில் அமர்த்த வேண்டும். தளர்ந்தால் தண்டு ஆடிப் புதுச் சீலையும் தின்னும், அளவுக்கு மீறி இறுகினால் பெயரிங் சூடேறிக் கருகும். நடுத் தண்டு உட்காரும் துளையே தேய்ந்திருந்தால் லேத்தில் ஸ்லீவ் போட வேண்டிவரும், பதுளையில் செய்யக்கூடிய வேலைதான்.

சீல் மாற்றும்போது சீலை மட்டும் பார்க்கக்கூடாது. அது உரசும் ஃப்ளேன்ஜில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கும் பள்ளம் இருந்தால் எந்த ஊர்ச் சீல் போட்டாலும் ஒழுகும். ஃப்ளேன்ஜை மாற்றுங்கள், அல்லது அதன்மேல் மெல்லிய ஸ்லீவ் ஒன்று ஏற்றுங்கள். பெயரிங்கிலும் சீலிலும் மலிவு பார்க்காதீர்கள். பெரிய கம்பனிப் பெயர் அடித்த போலிப் பெட்டிகள் உலகமெங்கும் ஓடுகின்றன. அச்சின் எழுத்து மங்கலாக இருந்தால், விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், வாங்காமல் வாருங்கள்.

இனி கணக்கு. ரூபாயில் எழுதினால் அடுத்த மாதம் பிழையாகிவிடும், ஆகவே உதாரணத்துக்குக் கொழும்பில் கேட்கும் பழைய பெட்டியின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டுவரும் செலவும் பூட்டும் கூலியும் 15. மொத்தம் 115, வண்டி இரண்டு நாள் நிற்கும். திறந்து திருத்தினால் உதிரிப்பாகம் 30, கூலி 20, லேத் 5, மொத்தம் 55. ஆனால் சாமான் தேடி ஓடி வேலை முடிய ஆறு நாள் நிற்கும். வண்டி நாளொன்றுக்கு 5 உழைக்கிறது என்றால் திருத்துவதற்கு 85, மாற்றுவதற்கு 125. யோசிக்க இடமில்லை. நாளொன்றுக்கு 15 உழைக்கும் வண்டியானால் இரண்டும் 145இல் வந்து நிற்கும். அதற்கு மேல் உழைக்கும் வண்டிக்கு, உதாரணமாக வெலிமடை மரக்கறி சீசனில், மாற்றுவதே இலாபம். ஆகவே கராஜ்காரர் சொன்னது எல்லோருக்கும் பிழை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வண்டியின் நாள் உழைப்பு அவருக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் கணக்கில் போட வேண்டும். பெட்டி வெடித்திருந்தால், கியர் இரண்டு மூன்று சேர்ந்து உடைந்திருந்தால், மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஆனால் அந்த 100க்கு வரும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒருமுறை நான் பழைய பெட்டி ஒன்று வாங்கினேன். எங்கே யாரிடம் என்பது வேண்டாம். பூட்டி ஓட்டியபோது பட்டு மாதிரி ஓடியது. மூன்றாம் வாரம் சத்தம் தொடங்கியது. வடித்துப் பார்த்தால் ஒயிலோடு கூழ் மாதிரி மரத்தூள். தேய்ந்த கியரின் சத்தத்தை அமுக்க மரத்தூளும் கெட்டிக் கிரீஸும் போட்டு விற்பது பழைய வித்தை. வாழைப்பழத் தோல் போட்டவர்களின் கதையும் உண்டு. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் ஈரமாகின என்ற ஹதீஸை நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறோம். மேலே காய்ந்ததும் உள்ளே நனைந்ததும். மரத்தூள் போட்டவரும் கேட்டிருப்பார்.

குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு மார்க்கத்தில் இருக்கிறது, கியாருல் ஐப் என்பார்கள். நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடன் தாமதிக்காமல் திருப்ப வேண்டும், பாவித்துக்கொண்டே இருந்துவிட்டுப் பிறகு கேட்க முடியாது. எனக்கு நடந்ததும் அதுதான். சத்தம் வந்த பிறகும் இரண்டு வாரம் ஓட்டிவிட்டுப் போய் நின்றேன். ஆகவே பழைய பெட்டி வாங்கும்போது "செக்கிங் வொரண்டி" எத்தனை நாள் என்று வாயால் கேட்பது போதாது, பில்லில் எழுதி வாங்குங்கள். கடையிலேயே கீழ் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்க மறுப்பவரிடம் ஸலாம் சொல்லி வந்துவிடுங்கள். நாங்கள் விற்கும் முறை வரும்போதும் இதே சட்டம்தான். என் பழைய வண்டியை விற்கும்போது லோவில் கியர் துள்ளி வெளியே வருகிறது என்று வாங்க வந்தவரிடம் சொன்னேன். விலையில் குறைத்துக்கொண்டார். அவர் இன்றுவரை எனக்கு வாடிக்கையாளர்.

அந்தத் துள்ளலைப் பற்றி ஒரு வார்த்தை. ட்ரான்ஸ்ஃபரில் நான் கண்ட தேய்மானத்தில் பாதி டிரைவரின் கையால் வருவது. காபட் வீதியில் நான்கு சக்கரமும் பூட்டியபடி ஓட்டுகிறார்கள். வளைவில் முன் சக்கரம் போகும் தூரமும் பின் சக்கரம் போகும் தூரமும் ஒன்றல்ல. மண் பாதையில் சக்கரம் வழுக்கிச் சமப்படுத்திக்கொள்ளும், காய்ந்த தாரில் வழுக்காது, அந்த முறுக்கு முழுதும் இந்தப் பெட்டிக்குள் ஏறும். பசறையிலிருந்து பதுளைக்கு இறங்கும் வளைவுகளை எண்ணிப் பாருங்கள். தோட்டப் பாதை முடிந்து தார் வீதி தொடங்கும் இடத்தில் சிவப்புக் கைப்பிடியை லோவுக்குக் கொண்டுபோய் மீண்டும் ஹைக்குத் தள்ளினால் மஞ்சள் குமிழ் மேலே எழும்பும். குமிழ் எழும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்ப வேண்டும் என்று எங்கள் டிரைவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். லோவுக்கு மாற்றுவதும் வண்டியை நிறுத்திவிட்டே.

பூட்டி முடித்ததும் இபி 90 ஒயில் ட்ரான்ஸ்ஃபருக்கு 2.5 லீற்றர், கியர் பொக்ஸுக்கு 1.5 லீற்றர். அளவை நம்பாமல் மட்டத் துளையால் ஒழுகத் தொடங்கும்வரை ஊற்றி, ஒழுகி நின்றபின் திருகுங்கள். முதல் 500 கிலோமீற்றரில் அந்த ஒயிலை வடித்துப் புதிது ஊற்றிவிட வேண்டும். புது பாகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் தூளும், எவ்வளவு கழுவினாலும் மூலையில் தங்கிய அழுக்கும் அதில் வந்துவிடும். அப்போதே எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

பசறைச் சகோதரர் பெட்டியைத் திறப்பித்தார். பற்கள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. நடு கியரின் ஊசிப் பெயரிங் இரண்டும் போயிருந்தன, வொஷர் ஒன்று காகிதமாகத் தேய்ந்திருந்தது, பின் சீல் கசிந்து ஹேண்ட் பிரேக் லைனிங் ஒயிலில் ஊறியிருந்தது. லைனிங்கையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். ஐந்து நாள் நின்றது. செலவு கொழும்பில் கேட்ட விலையில் பாதியைத் தொடவில்லை. சென்ற வெள்ளி பள்ளி வாசலில் கண்டபோது ஓடோமீற்றரைக் காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டியிருப்பதைக் காட்டினார். 500க்கு இன்னும் 180 இருக்கிறது, இன்ஷா அல்லாஹ் இந்த வாரம் ஒயில் மாற்றுவார்.